செருப்புத் தோலும் தோல் செருப்பும்

போன ஞாயிறு மத்தியானம். பிரியாணி வயிற்றில் இறங்கி, மின்விசிறிக் காற்றில் கண் சொருகுகிற நேரம். அக்கா பையன் வந்து கட்டில் ஓரம் நின்றான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சன்டைசிங் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி ஆற்காடு வந்தால், திங்கள் விடிகாலை பஸ் பிடிக்கிறவரை போனும் அவனும்தான்.

"மாமா, தூங்கிடாதீங்க. இந்த மெயிலைப் பாருங்க. இவன் இன்னாத்த மாத்தச் சொல்றான்?"

வெளிநாட்டு பையர் ஒருத்தர் எழுதியது. இரண்டே வாக்கியம். (இந்தப் பதிவில் வருகிற ஆங்கிலத்தை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன். எங்கள் ஊரில் அதை உச்சரிப்பதும் அப்படித்தான், பிறகு எதற்கு வேஷம்?) 'த லைனிங் டஸ் நாட் மேட்ச் தி அப்பர். ப்ளீஸ் சேஞ்ச் இட்.' லைனிங் அப்பரோடு ஒத்துப்போகவில்லையாம், அதை மாற்ற வேண்டுமாம். எதை? லைனிங்கையா, அப்பரையா?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷூவில் அடிப்பாகம் சோல். காலை மூடுகிற மேல்பாகம் மொத்தமும் அப்பர். அதன் உள்பக்கம் வைத்துத் தைப்பது லைனிங். லைனிங்கை மாற்றுவது ஒரு சின்னச் செலவு. அப்பரை மாற்றுவது என்றால் மேல்தோலையே புதிதாக வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'இட்' உட்கார்ந்திருக்கிறது.

"நீ என்னடா நினைக்கிறே?"

"நான் லைனிங்னு நெனச்சேன். மேனேஜர் அப்பர்னு சொல்றாரு. கட்டிங் மாஸ்டர் ரெண்டையும் மாத்திடலாம்ன்றாரு."

கட்டிங் மாஸ்டர் அனுபவஸ்தர்.

தூக்கம் போய்விட்டது. சாம்பிள் ரூமில் கால் நூற்றாண்டு குப்பை கொட்டியவன் நான். எனக்கு ஆங்கில இலக்கணம் வந்தது வகுப்பில் இல்லை, ஆர்டர் ஷீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை அட்டை கிழிகிறவரை வைத்திருந்தேன். நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ், ப்ரெபொசிஷன் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் ஒப்பிப்பேன். ஆனால் ஒன்றோடு ஒன்றை எப்படிக் கோப்பது என்று கேட்டால் முழிப்பேன். சோல் ஒரு கூடையில், அப்பர் ஒரு கூடையில், லேஸ் ஒரு கூடையில் இருக்கிறது, ஷூ எங்கேடா என்றால் கை விரிக்கிற மாதிரி.

அவனுக்கு அன்றைக்குச் சாயங்காலம் வரை சொன்னதை இங்கே எழுதுகிறேன். சொன்ன வரிசையில் எழுதவில்லை, நடுவில் இரண்டு தடவை டீ வந்தது.

முதலில் அந்த 'அப்பர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறப்பால் பெயரடை. அப்பர் பெர்த், அப்பர் லிப் என்று இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டியது. செருப்புத் தொழிலில் பின்னால் நின்ற பெயர்ச்சொல் உதிர்ந்துபோய், பெயரடையே பெயராகிவிட்டது. 'அப்பர்ஸ்' என்று பன்மை விகுதிகூட ஏற்கிறது. எங்கள் தொழில் முழுக்க இந்தக் கதைதான். 'லெதர் குட்ஸ்' என்கிறோமே, அந்த 'குட்ஸ்' நல்லது என்கிற 'குட்' வழி வந்தது. எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியாகி ஆம்பூர்க் கடைகளில் தொங்குவது 'செகண்ட்ஸ்'. இரண்டாவது என்ற எண்ணுப் பெயரடை, இன்றைக்குப் பேரம் பேசி வாங்குகிற சரக்கு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'வெட் ப்ளூ'. ட்ரம்மில் குரோமியம் உப்புக் கரைசலில் தோலை உருட்டினால், அது பதமாகி வெளிர் நீலத்துக்கு வந்துவிடும். காயவிடாமல் ஈரத்தோடே அடுக்குவார்கள். ஈரமான, நீலமான. இரண்டும் பெயரடை, பெயர்ச்சொல்லே கிடையாது. ஆனாலும் 'நாலு பேலட் வெட் ப்ளூ வந்திருக்கு' என்று ராணிப்பேட்டையிலும் பேர்ணாம்பட்டிலும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கூடச் சரியாகச் சொல்வார். அட்ஜெக்டிவ் எப்படி நவுன் ஆகிறது என்று அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. ஆபீஸ் கடிதங்களில் வருகிற 'டூ த நீட்ஃபுல்' இந்த ஜாதிதான். வெள்ளைக்காரர்களே கைவிட்டுவிட்ட அந்தச் சொற்றொடரைப் பார்த்து இப்போது சிரிக்கிறார்கள், ஆனால் இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை. 'த' போட்டு ஒரு பெயரடையை உட்கார வைத்தால் அது பெயர். த ரிச், த புவர் மாதிரி.

தமிழ்க்காரனுக்கு இதில் அதிர்ச்சி எதற்கு? தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகத்தான் பிரித்தது. பெயரடை என்று தனிப் பெட்டி அதில் இல்லை. 'கருப்பு' என்பதே நமக்கு ஒரு பெயர்தான். அதைத் தோலுக்கு முன்னால் வைத்தால் கருப்புத் தோல். தனியாக விட்டால், 'கருப்பு எனக்கு, பிரவுன் உனக்கு.' வேலை மாறும்போது சொல்லின் பதவி மாறுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து அவனிடம் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு சொல் எழுதிக் காட்டினேன். லெதர் ஷூ. ஷூ லெதர்.

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"தமிழ்ல சொல்லு."

"தோல் செருப்பு. செருப்புத் தோல்." சொல்லி முடிக்கும்போதே முகம் மாறியது. "அட, முதல்ல சொன்னது செருப்பு. ரெண்டாவது தோல்."

இதுதான் விஷயம். இரண்டு பெயர்கள் சேர்ந்து நின்றால் கடைசியில் நிற்பதுதான் பொருள், முன்னால் நிற்பது அதற்கு அடை. தமிழிலும் அப்படி, ஆங்கிலத்திலும் அப்படி. தோல் செருப்பு என்றால் தோலால் ஆகிய செருப்பு. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று ஐயா ஒருத்தர் எங்களைப் பெஞ்சு மேல் ஏற்றி மனப்பாடம் செய்ய வைத்தார். செருப்புத் தோல் என்றால் செருப்புக்கு ஆகிய தோல், அது நான்காம் வேற்றுமை. அன்றைக்கு அவரைத் திட்டினேன். ஆர்டர் ஷீட்டில் 'கோட் ஸ்வேட் ஷூ அப்பர் லெதர்' என்று ஐந்து பெயர் வரிசையாக வந்து நின்றபோது, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தேன். தோல். எதற்கான தோல்? அப்பருக்கான. எதன் அப்பர்? ஷூவின். எந்த மாதிரித் தோல்? ஸ்வேட். எந்த விலங்கு? ஆடு. தொகை தெரிந்தவனுக்கு ஆங்கில நவுன் அடுக்கு தண்ணீர் பட்ட பாடு.

இந்த நவுன் அடுக்குக்கு இன்னொரு உதாரணம். எங்கள் பழைய மாவட்டத்தின் பெயரை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்க வைத்த ஒரு வழக்கு இருக்கிறது. பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலப்பதை எதிர்த்துப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மனுப் போட்ட அமைப்பின் பெயர் 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்'. நான்கும் பெயர்ச்சொல், நடுவில் ஒரு ப்ரெபொசிஷன்கூட இல்லை. தமிழில் அப்படியே, வரிசை பிசகாமல் வைக்கலாம்: வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை. இதையே 'ஆஃப்', 'ஃபார்' போட்டு விரித்துப் பாருங்கள். ஃபோரம் ஃபார் த வெல்ஃபேர் ஆஃப் த சிட்டிசன்ஸ் ஆஃப் வேலூர். முழுசாகத் தலைகீழ். ஆங்கிலத்துக்குள்ளேயே இரண்டு பாதை ஓடுகிறது. ப்ரெபொசிஷன் இல்லாத பாதை தமிழின் திசையில் போகிறது, ப்ரெபொசிஷன் போட்ட பாதை எதிர்த்திசையில். நம் பிள்ளைகள் தடுமாறுவது இரண்டாவது பாதையில்.

அந்தத் தீர்ப்பு நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உறுதிசெய்த 'பொல்யூட்டர் பேஸ் பிரின்சிபிள்' இன்னும் வேடிக்கை. மாசுபடுத்துகிறவன் காசு கொடுக்கிறான் என்ற முழு வாக்கியத்தையே தூக்கிப் பெயரடையாக 'பிரின்சிபிள்' முன்னால் நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பின்படி நஷ்ட ஈடு கணக்கிட ஒரு அமைப்பு வந்தது. அதன் பெயர் 'லாஸ் ஆஃப் எகாலஜி' என்று தொடங்கும், பிறகு அடைப்புக்குறிக்குள் 'பிரிவென்ஷன் அண்ட் பேமென்ட்ஸ் ஆஃப் காம்பென்சேஷன்', கடைசியில் 'அத்தாரிட்டி'. தடுப்பதும் ஈடு கொடுப்பதும் அடைப்புக்குறிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவசரத்துக்கு எல்லாரும் 'லாஸ் ஆஃப் எகாலஜி அத்தாரிட்டி' என்று சுருக்குவார்கள். சுற்றுச்சூழலை இழப்பதற்கென்றே ஒரு ஆணையமா என்று எங்கள் தெரு டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். இலக்கணப்படி அவர் கேட்டதில் தப்பில்லை.

பெயரடைக்கு வருகிறேன். இணையத்தில் ஒரு பட்டியல் அடிக்கடி சுற்றும்: ஆங்கிலத்தில் பெயரடைகள் பலது சேர்ந்தால் முதலில் அபிப்பிராயம், பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்பொருள், பயன், கடைசியில் பெயர். பையன் இதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். எனக்கு மனப்பாடம் தேவைப்பட்டதில்லை. 'பியூட்டிஃபுல் ஸ்மால் நியூ பாயின்டட் பிளாக் லெதர் ஈவ்னிங் ஷூஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து முன்பக்கமாக வாருங்கள். ஷூ. எதற்கு? மாலை விருந்துக்கு, அது டிசைன் மேசையிலேயே முடிவான விஷயம். எதில்? தோலில்; தோல் கொள்முதல். பிறகு கருப்புச் சாயம் ஏறுகிறது. பிறகு லாஸ்ட் என்கிற கால் அச்சில் மாட்டி இழுக்கும்போது கூர்முனை வடிவம் வருகிறது. டிஷ்யூ பேப்பர் சுற்றும்போது புதுசு. பெட்டியில் அளவு ஒட்டுகிறார்கள், சின்னது. கடைசியில் பையர் பெட்டியைத் திறந்து பார்த்து வாய் திறந்தால், அழகு.

ஃபேக்டரி லைனைப் பின்னாலிருந்து பார்த்தால் பெயரடை வரிசை. பொருளுக்குள் முதலில் போனது பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். வெளியிலிருந்து கடைசியாக ஒட்டியது தூரத்தில் நிற்கும். உரிக்க முடியாதது உள்ளே, ஆளுக்கு ஆள் மாறுகிறது வெளியே. எல்லா இடத்திலும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எனக்கு இன்றுவரை கைகொடுத்திருக்கிறது.

இன்னொன்று. தமிழிலும் 'நல்ல பெரிய கருப்புத் தோல் பை' என்றுதான் வாய் தானாக வருகிறது. 'தோல் கருப்பு பெரிய நல்ல பை' என்று யாராவது சொன்னால் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைப்போம். ஆகவே இந்த விஷயத்தில் நமக்குக் கஷ்டமே இல்லை. பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவதுதான் கஷ்டம்.

ஒரே ஒரு செய்பொருள் பெயரடை எங்கள் பக்கம் என்ன பாடு படுத்தியது என்பதற்கு வேலூர்க் கோட்டை சாட்சி. 1806இல் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொண்டுவந்தார்கள். அதில் ஒரு குஞ்சம். வெறும் குஞ்சம் என்றிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமோ என்னவோ, தோல் குஞ்சம். தலையில் தோலா என்று இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருசேரக் கொதித்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம். கலகத்துக்குக் காரணம் வேறும் உண்டு, அதை வரலாற்று ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெயரடையில் நிஜமான ஆபத்து அதன் எல்லை எதுவரை என்பதில் இருக்கிறது. நான் மாட்டிக்கொண்ட கதை இது. 'பிரவுன் ஸ்வேட் பூட் வித் பிளாக் லெதர் லைனிங் அண்ட் சோல்' என்று ஒரு ஆர்டர். பிளாக் லெதர் என்பது லைனிங்குக்கு மட்டுமா, சோலையும் சேர்த்தா? 'அண்ட்' என்கிற பாலத்தைத் தாண்டிப் பெயரடை நடந்துபோகுமா, போகாதா? நான் நடத்தினேன். லைனிங்கும் கருப்புத் தோல், சோலும் கருப்புத் தோல். பையர் நினைத்திருந்தது, லைனிங் கருப்புத் தோல், சோல் போன ஆர்டர் மாதிரி ரப்பர். பன்னிரண்டு ஜோடி சாம்பிள் என் மேசையில் மூன்று மாதம் கிடந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்த பூட்ஸைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

'சோல் அண்ட் பிளாக் லெதர் லைனிங்' என்று பையர் இடம் மாற்றியிருந்தால் கதை முடிந்தது. பெயரடை பின்பக்கமாக நடக்காது.

ப்ரெபொசிஷன். பேரே சொல்கிறது, முன்னால் வைப்பது. நமக்கு எல்லாம் பின்னால். ட்ரம்முக்குள், மேசைமேல், கேட்டருகில். ஆம்பூரில் பாதி வீடுகளில் வீட்டு மொழி உருது. அதிலும் பின்னால்தான்: 'மேஜ் பர்' என்றால் மேசைமேல், 'ட்ரம் மே' என்றால் ட்ரம்முக்குள். எங்கள் ஷாப் ஃப்ளோரில் தமிழ்க்காரரும் உருதுக்காரரும் சண்டை போடாமல் ஒத்துப்போன விஷயங்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலம் மட்டும் தனி ஆளாக முன்னால் வைக்கிறது. அங்கேதான் வாக்கியத்தின் நடையே மாறிவிடுகிறது.

'நேத்து ராத்திரி பெரிய ட்ரம்ல போட்ட ஆட்டுத்தோல்.' இதில் தோல் எங்கே இருக்கிறது? கடைசியில். என்னென்ன சொல்ல வேண்டுமோ அத்தனையும் முன்னால் ஊர்வலமாகப் போகிறது, தோல் தேர் மாதிரி பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் சாமி நடுவில். ஒற்றைச் சொல் அடைகள் முன்னால், 'இன்', 'ஆன்', 'வித்', 'விச்' என்று தொடங்குகிற நீளமான கூட்டம் பின்னால். 'த கோட்ஸ்கின்ஸ் விச் வி புட் இன் த பிக் ட்ரம் லாஸ்ட் நைட்.' நம் ஆட்கள் தமிழ் ஊர்வலத்தை அப்படியே ஆங்கிலத் தெருவில் விடுவார்கள். 'லாஸ்ட் நைட் பிக் ட்ரம் லோட் ஸ்கின்ஸ் ரெடி சார்' என்று ஒரு ஃபோர்மேன் இத்தாலிக்காரரிடம் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அவருக்கு முழுசாகப் புரிந்தது. யோசித்தால், அந்த வாக்கியம் நவுன் அடுக்கு விதிப்படி முக்கால்வாசி சரிதான். ப்ரெபொசிஷன் வராதவர் அது தேவைப்படாத பாதையைத் தானாகப் பிடித்துப் போயிருக்கிறார். அவருக்கு நான் மார்க் போட்டிருந்தால் நூற்றுக்கு எழுபது.

பின்னால் வருகிற கூட்டத்திலும் சிக்கல் உண்டு. 'ஷூஸ் ஃபார் விமன் வித் ஹை ஹீல்ஸ்.' ஹை ஹீல்ஸ் செருப்புக்கா, பெண்களுக்கா? பக்கத்தில் இருக்கிற பெயரைப் போய்க் கட்டிக்கொள்வது ப்ரெபொசிஷனின் சுபாவம். அதனால் எதற்கு உரியதோ அதற்குப் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும்: 'ஹை ஹீல்ட் ஷூஸ் ஃபார் விமன்.' தமிழ் ஒன்றும் யோக்கியம் இல்லை. 'உயரக் குதிகால் வைத்த பெண்கள் செருப்பு' என்று விளம்பரம் போட்டுப் பாருங்கள்.

பையன் இந்த இடத்தில் நிறுத்தி, இன், ஆன், அட் மூன்றையும் கேட்டான். யாருக்குத்தான் அது தொந்தரவு இல்லை? தோல் ட்ரம்ல இருக்கு, பேட்டர்ன் டேபிள்ல இருக்கு, டிரைவர் கேட்டுல நிக்கிறான். மூன்றுக்கும் நமக்கு ஒரே 'ல'. வேண்டுமென்றால் உள்ளே, மேலே, கிட்டே என்று விளக்குவோம், வேண்டாமென்றால் விட்டுவிடுவோம். ஆங்கிலம் விடாது. நாலு பக்கமும் சூழ்ந்திருந்தால் 'இன் த ட்ரம்', மேலே பட்டுக்கொண்டிருந்தால் 'ஆன் த டேபிள்', ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட் த கேட்'. இதுவரை நியாயம். 'இன் த கார்', ஆனால் 'ஆன் த பஸ்' என்று வரும்போது நியாயம் தீர்ந்துவிடுகிறது. ஆற்காடு-வேலூர் பஸ்ஸில் படியில் தொங்குகிறவனுக்கு மட்டும் 'ஆன்' சரியாகப் பொருந்தும்.

ஆனால் 'மேட்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் வருகிற ப்ரெபொசிஷன்களை எங்கள் ஊர்க்காரனைப்போல் யாராலும் புரிந்துகொள்ள முடியாது. லெதர் இஸ் மேட் ஃப்ரம் ஸ்கின். ஷூஸ் ஆர் மேட் ஆஃப் லெதர். ஏன் முதலில் 'ஃப்ரம்', இரண்டாவதில் 'ஆஃப்'? ஷூவைக் கையில் எடுத்தால் தோல் இன்னும் தோலாகவே இருக்கிறது, பார்க்கலாம், தடவலாம்; அங்கே 'ஆஃப்'. பச்சைத் தோல் பதமான தோலாகும்போது உருவே மாறிவிடுகிறது. உப்புப் போட்ட ஆட்டுத் தோல் சுண்ணாம்பில் ஊறி, மயிர் போய், ட்ரம்மில் உருண்டு வெளியே வரும்போது அது அழுகாத வேறு ஒரு பொருள், அங்கே 'ஃப்ரம்'. அந்த இரண்டு ப்ரெபொசிஷனுக்கு நடுவில் இருக்கிற தூரம்தான் டேனரி. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பல வாரம் ஊறவைத்துக் கடந்த தூரம். மற்றது சுலபம்: மேட் பை ஆளோ கையோ, மேட் ஃபார் பையர், மேட் இன் இந்தியா. இங்கே ஆங்கிலத்தில் 'ஸ்கின்', 'ஹைட்' என்றும் வித்தியாசம் உண்டு. ஆடு, செம்மறி மாதிரிச் சின்ன உடம்பு என்றால் ஸ்கின். மாடு, எருமை என்றால் ஹைட். நமக்கு எல்லாம் தோல்.

கடைசியாகப் பிரதிப்பெயர். ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு உருமாறுவதை எப்போதோ விட்டுவிட்டன. 'த ஷூ' எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் 'த ஷூ'தான். பிரதிப்பெயர்கள் மட்டும் பழைய வீட்டுத் தூண் மாதிரி நிற்கின்றன. ஐ என்பது ப்ரெபொசிஷன் முன்னால் வந்ததும் மீ ஆகிறது: டு மீ, ஃபார் மீ, வித் மீ. ஹி ஹிம் ஆகிறது, தே தெம் ஆகிறது. நமக்கு இது புதுசா? நான் என்பது உருபு ஏற்றதும் என்: எனக்கு, என்னால், என்னோடு. நீ உன் ஆகிறது. 'நானுக்கு' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. அதே காதை வைத்துக்கொண்டு கேட்டால் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' உறுத்தும்.

பெயரடையும் பிரதிப்பெயரும் சேர்வது அபூர்வம். பிளாக் ஷூ என்கிறோம், பிளாக் இட் என்று சொல்வதில்லை. 'சம்திங்', 'எனிதிங்' போன்றவற்றுக்கு மட்டும் அடை பின்னால் வரும்: சம்திங் பிளாக், நத்திங் நியூ. பையர் ஷோரூமுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வியே 'எனிதிங் நியூ?' என்பதால் இதையும் நாங்கள் தனியாகப் படிக்கத் தேவைப்படவில்லை.

ஒரு இடத்தில் தமிழ் கெட்டி. 'சூப்பர்வைசர் டெய்லரிடம் தன் கத்தரியைக் கொடுத்தார்' என்றால் கத்தரி சூப்பர்வைசருடையது. ஆங்கிலத்தில் 'ஹிஸ்' போட்டால் யாருடையதோ. இன்னொரு இடத்தில் ஆங்கிலம் வம்புக்கு இழுக்கும். 'அவர்' என்று நாம் ஆணா பெண்ணா காட்டாமல் மரியாதையோடு நகர்ந்துவிடலாம். ஆங்கிலத்தில் ஹி, ஷி என்று முடிவு செய்தாக வேண்டும். எங்கள் பக்கத்துத் தையல் ஹால்களில் பெரும்பாலும் பெண்கள்தான். அப்படி ஒரு ஹாலில் 'ஈச் ஆபரேட்டர் மஸ்ட் க்ளீன் ஹிஸ் மெஷின்' என்று வருடக்கணக்கில் ஒரு பலகை தொங்கியது. துடைத்தவர்கள் எல்லாரும் அக்காக்கள். இப்போது 'தேர்' போடுகிறார்கள், ஒருமைக்கும் செல்கிறது.

ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. "இப்ப எழுது"ன்னேன். பையன் எழுதினான்: 'ஷல் வி சேஞ்ச் த லைனிங் ஆர் தி அப்பர்?' 'இட்' என்கிற பிரதிப்பெயரே இல்லாத வாக்கியம். எதிர்முனையில் ஞாயிற்றுக்கிழமை அன்றும் வேலை பார்க்கிற ஆள் போலிருக்கிறது, இரண்டாவது டீ முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. 'த லைனிங். ப்ளீஸ் சென்ட் த நியூ சாம்பிள்ஸ் டு அஸ் பை ஃப்ரைடே.'

"நான் சொன்னதுதான் கரெக்ட் மாமா, லைனிங்!" என்று குதித்தான். ஃபோனைப் பாக்கெட்டில் போட்டவன் மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"மாமா, பை ஃப்ரைடேன்னா... வெள்ளிக்கிழமை நாம அனுப்பணுமா, வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் கைக்குப் போய்ச் சேரணுமா?"

நான் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் எட்டரை மணி வண்டி இருக்கிறது, ராத்திரியே கிளம்பிவிடு என்றேன்.